இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்

அத்தியாயம் 14

போன வாரம் காலைச் சாப்பாட்டின்போது மகன் தூக்கிப் போட்ட குண்டின் புகை இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. "கிளினிக்கை மூடிட்டு, கீழ்த்தளத்தை மருந்துக்கடைக்கு விட்டுடலாம்மா. உங்களுக்கும் அறுபத்தொண்ணு ஆச்சு" என்று அவன் சொன்னதும், டாக்டரம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனதும், மருமகள் யார் பக்கமும் சேராமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததும் நாம் பார்த்ததுதான்.

மகனுக்கும் மருமகளுக்கும் தெரியாத ஒன்றும் அன்றைக்கு நடந்தது. டாக்டரம்மாவுக்கு நரம்பியல் நிபுணரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான்கு பக்க அறிக்கை. அதன் கடைசி வரியை மட்டும் அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். வலது கை நடுக்கத்தின் காரணம் தெளிவாகும்வரை நுண்ணிய கைவேலை தேவைப்படும் சிகிச்சைகளைத் தவிர்க்கவும்.

பல் டாக்டருக்கு நுண்ணிய கைவேலை இல்லாத சிகிச்சை எது? வாயைத் திறக்கச் சொல்வது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணி. கிளினிக் திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. டாக்டரம்மா முன்னறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, வரவேற்பு மேசைக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சொந்தக் கிளினிக்கில், சொந்த நாற்காலியில், திருட வந்தவர் மாதிரி.

எல்லாம் இந்தக் கணினியால் வந்த வினை என்பது அவர் கட்சி.

ஒன்பது வருடம் உழைத்த கணினி அது. மூன்று வாரத்துக்கு முன் திறந்தாலே பெருமூச்சு விட ஆரம்பித்தது. புதிது வாங்கிவிடலாம் என்றான் மகன். மென்பொருள் வேலையிலிருந்து ஆட்குறைப்பில் வீட்டுக்கு வந்து, நாலு மாதமாகக் கிளினிக் வரவேற்பைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகள் வேண்டாம் என்றாள்.

"இதுக்கு ஒண்ணும் ஆகல, அத்தை. விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்."

"அது என்ன விலை?"

"விலையே கிடையாது. சும்மாதான்."

"சும்மா யாரு குடுக்கிறா?"

"உலகம் பூரா ஆளுங்க எழுதிப் பொதுவுல வைக்கிறாங்க. யார் வேணா எடுத்துக்கலாம். உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சும் பார்க்கலாம்."

"நீ பிரிச்சுப் பார்த்தியா?"

மருமகள் சிரித்தாள். "அவ்வளவையும் ஒருத்தரால பார்க்க முடியாது, அத்தை."

அந்தச் சிரிப்பு டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இலவசத்தைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பது வருடமாகப் பள்ளிக்கூடங்களில் இலவசப் பல் பரிசோதனை முகாம் நடத்தியவர். நூறு வாயைச் சும்மா பார்த்தால் முப்பது வாய் மறுவாரம் கிளினிக்குக்கு வரும் என்பது முகாம் நடத்தும் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அப்படியிருக்க, உலகம் பூரா இருக்கிற அந்த ஆட்கள் மட்டும் யாருடைய வாயைப் பார்க்க வருகிறார்கள்?

ஒரே மத்தியானத்தில் ஒரு பென் டிரைவை வைத்துக்கொண்டு மருமகள் காரியத்தை முடித்துவிட்டாள். பிரிண்டர், எந்த சிடியும் போடாமல், தானாக வேலை செய்தது. அதுவே டாக்டரம்மாவுக்கு நெருடலாக இருந்தது. வந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கேட்காமலே தெரிந்துகொள்ளும் விருந்தாளியை யாருக்குப் பிடிக்கும்? எக்ஸ்ரே கருவியின் கணினியை மட்டும் அவள் தொடவில்லை. அந்தக் கம்பெனியின் மென்பொருள் இதில் ஓடாது என்று அவளே ஒப்புக்கொண்டாள். முழுசாகப் பொய் சொல்கிறவர்கள் நடுநடுவே இப்படி ஒரு உண்மையும் சொல்வார்கள் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார்.

ஆனால் அவரை உண்மையில் உறுத்தியது வேறு. முன்பெல்லாம் கணினியைத் தட்டினால் திறக்கும், எல்லோருக்கும் ஒரே வாசல். இப்போது திரையில் மூன்று வட்டங்கள். டாக்டர், வரவேற்பு, அப்புறம் மகனுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு.

"உங்க ஃபோல்டருக்குள்ள அவர் வர முடியாது, அவர் ஃபோல்டருக்குள்ள நீங்க வர முடியாது" என்றாள் மருமகள்.

"நீ?"

"இதுல அட்மின்னு ஒருத்தர் இருக்கணும், அத்தை. இப்போதைக்கு நான் இருக்கேன்."

இப்போதைக்கு என்ற சொல்லை டாக்டரம்மா அன்றைக்கே மனசில் குறித்து வைத்தார். இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம், அதற்குள் நிர்வாகி.

நியாயமாகச் சொன்னால் ஒரே ஒரு விஷயத்துக்கு அவர் நல்ல மார்க் கொடுத்திருந்தார். பழைய சிஸ்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால் இரண்டு விழும், சில நாள் மூன்று. புது சிஸ்டம் வந்ததிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. விசைப்பலகை விஷயத்தில் பரவாயில்லை, ஒழுங்காக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் உள்ளுக்குள் ஒத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அறிக்கை அவருடைய ஃபோல்டருக்குள் இருந்தது. அழித்துவிடலாம்தான். ஆனால் ஒரு மருத்துவ அறிக்கையை அழிக்க அவருக்கு மனசு வராது. அடுத்த முறை அந்த நிபுணரிடம் போகும்போது பக்கத்தில் வைத்துக் கேட்கவும் வேண்டும். மகன் கண்ணில் பட்டுவிட்டால் மறுநாளே மருந்துக்கடைக்காரன் கீழ்த்தளத்துக்கு டேப்போடு வந்துவிடுவான். மகனுக்கு யார் மூலம் தெரியவரும்? எல்லா வாசலுக்கும் சாவி வைத்திருக்கிறவள் மூலம்தான்.

முந்தின நாள் அவர் தன் கைபேசியில், பெயர் போடாமல், ஏதோ ஒரு கேள்வி பதில் தளத்தில் கேட்டிருந்தார். என் கணினியில் இன்னொருவர் நிர்வாகி, என் கோப்பை அவர் திறக்காமல் செய்ய வழி உண்டா? இரண்டு பேர் பதில் போட்டிருந்தார்கள். ஒருவர், நிர்வாகியிடமே கேளுங்கள் என்றார். உருப்படாத யோசனை. இன்னொருவர் ஒரு வரியைக் கொடுத்து, கணினிக்கு நேரடியாக உத்தரவு போடும் டெர்மினலில் இதை அடியுங்கள் என்று எழுதியிருந்தார்.

அந்த வரியை மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி வைத்திருந்தார் டாக்டரம்மா. டெர்மினலைத் தேடித் திறந்தார். கன்னங்கரேலென்று ஒரு சதுரம் வந்தது. எழுத்தெழுத்தாக, ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபார்த்து அடித்து, எண்டரைத் தட்டினார்.

பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார். திரையில் ஒன்றும் விழவில்லை. எழுத்தும் இல்லை, புள்ளியும் இல்லை. அடித்ததெல்லாம் எங்கே போகிறது? மறுபடி எண்டர்.

அப்போது வந்தது அந்தப் பதில். உங்களுக்கு இந்த அதிகாரம் இல்லை. இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்.

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

யாருக்குத் தெரிவிக்கப்படும்? இந்த வீட்டில் நிர்வாகி ஒரே ஒருத்தி. மாடியில் இந்நேரம் அவள் கைபேசி சிணுங்கியிருக்கும். உங்கள் மாமியார் காலை ஏழு ஐம்பதுக்கு இன்ன வேலை செய்யப் பார்த்தார் என்று வரும். சம்பவம் என்று வேறு சொல்கிறது, கொலை கொள்ளை மாதிரி.

கறுப்புச் சதுரத்தை மூடினார். மூடினால் போதுமா என்று தெரியவில்லை. தகவல் எப்படிப் போகும்? இன்டர்நெட் வழியாகத்தானே போக வேண்டும். டாக்டரம்மா மேசைக்கடியில் குனிந்து, கணினியின் பின்னாலிருந்த இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினார். நாற்பது வருட அனுபவத்தில் இவ்வளவு வேகமாக அவர் எதையும் பிடுங்கியதில்லை.

ஒன்பதேகாலுக்கு மகனும் மருமகளும் படியிறங்கி வந்தார்கள். மகன் லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். எங்கேயாவது யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் அவனுக்குத்தான் போன் வரும். டாக்டரம்மா சிகிச்சை அறைக்குள் நின்று, கருவிகளை அடுக்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டார்.

வாசல் பக்கம் குரல்கள் தணிந்தன.

"இன்னிக்கு சாயங்காலமே பேசி முடிச்சுடுறேன்" என்றான் மகன்.

"வேணாம். நீங்க இப்ப வாயைத் திறக்காதீங்க. அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன்."

"எத்தனை நாளைக்கு இழுக்கிறது?"

"சொல்றேன்ல."

அவ்வளவுதான் காதில் விழுந்தது. அது போதும். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு பேரும் கூடிப் பேசியும் முடித்துவிட்டார்கள்.

மகன் போன பிறகு மருமகள் எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அத்தை, நெட் கேபிள் கழண்டிருக்கு. யாராவது பிடுங்கினாங்களா?"

"எனக்கென்ன தெரியும்? கூட்டும்போது பட்டிருக்கும்."

"கூட்ற அம்மா இன்னும் வரலையே."

"அப்ப நேத்திக்கே பட்டிருக்கும்."

மருமகள் ஒரு நொடி பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டுக் கேபிளைச் செருகினாள். தெரிந்துகொண்டே கேட்கிறாள், வாயைக் கிளறுகிறாள் என்று டாக்டரம்மா முடிவுக்கு வந்துவிட்டார்.

பதினொரு மணிக்கு ஒரு பள்ளி வேன் டிரைவர் வந்தார். கடைவாய்ப் பல்லில் வேர்வரை சொத்தை. ஒரு வருடத்துக்கு முன்பாக இருந்தால் டாக்டரம்மா அப்போதே நாற்காலியைச் சாய்த்திருப்பார். இப்போது கண்ணாடியால் பார்த்துவிட்டு, "வேர் சிகிச்சை பண்ணணும். டிரில்லை ஓட்டுற கம்ப்ரஸர் ரிப்பேர்ல இருக்கு. பெரிய ரோட்டு முனையில ஒரு டாக்டர் இருக்காரு, அவருக்குக் கடிதம் தர்றேன்" என்றார். அந்தக் கம்ப்ரஸர், சின்ன அடைப்புகளுக்கு ஓடினாலும், பெரிய வேலை என்றால் மட்டும் மூன்று மாதமாக ரிப்பேரில் இருக்கிறது. மெக்கானிக் யாரும் வந்தபாடில்லை.

கடிதம் அடிக்கப் போனால் மருமகள் இருக்கையில் இல்லை. மாடிக்குப் போயிருந்தாள். கணினி அவளுடைய வாசலில், வரவேற்பு என்ற பெயரில், திறந்தபடி இருந்தது. அதிலேயே அடித்துவிடலாம் என்று டாக்டரம்மா உட்கார்ந்தார்.

முதல் வரியிலேயே எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்தன. அழித்து மறுபடி அடித்தார். ஓர் இடத்தில் மூன்று.

விரலைப் பார்த்தார், விசைப்பலகையைப் பார்த்தார். அதே விசைப்பலகை, அதே விரல். வரவேற்பை அப்படியே விட்டுவிட்டு டாக்டர் என்ற வட்டத்துக்குள் நுழைந்து அதே வரியை அடித்தார். ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து, சுத்தமாக வந்தது.

கடிதத்தை முடித்து டிரைவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். வலி ஒரு பல்லில் இருக்கும், காரணம் வேறு பல்லில் இருக்கும் என்பது அவர் தொழிலில் அன்றாடம் பார்ப்பது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவளுடைய வாசலில் ஒரு மாதிரி, என்னுடைய வாசலில் வேறு மாதிரி என்றால், என்னுடையதில் மட்டும் எதையோ வைத்திருக்கிறாள். நான் அடிப்பதையெல்லாம் நடுவில் நின்று எதுவோ பார்த்து, வடிகட்டி அனுப்புகிறது. வேவு பார்ப்பது என்றால் வேறென்ன?

விட்டேனா பார் என்று அமைப்புகளைத் திறந்தார். மெனுவெல்லாம் தமிழில் இருந்தது. அந்தத் தமிழ் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. வலையமைப்பு, திரை, ஒலி, அச்சுப்பொறி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மருமகள் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். கடைசியில், அணுகல் வசதி என்ற தலைப்புக்குக் கீழே, தட்டச்சு என்ற பக்கத்தில் வரிசையாகச் சில பொத்தான்கள் இருந்தன. எல்லாம் அணைந்து கிடக்க, ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ஒரே விசை அடுத்தடுத்து வேகமாக அழுத்தப்பட்டால் பொருட்படுத்த வேண்டாம்.

அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு விளக்கம். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு உதவும்.

டாக்டரம்மா அதைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அறிக்கை வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இந்தப் பொத்தானோ சிஸ்டம் போட்ட நாளிலிருந்து வேலை செய்கிறது. அப்படியானால் மூன்று வாரமாக அவளுக்குத் தெரியும். பழைய சிஸ்டத்தில் எட்டு மாதமாகத் தொல்லை கொடுத்தது விசைப்பலகை இல்லை என்பதை டாக்டரான தான் ஒத்துக்கொள்ளும் முன்பே, வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள் கண்டுகொண்டுவிட்டாள். டாக்டரம்மாவுக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, வரவிடவில்லை.

அவமானம் அடங்கியதும் சந்தேகம் முன்னைவிடப் பலமாகத் திரும்பி வந்தது. மூன்று வாரமாக எதற்குக் காத்திருக்கிறாள்? யாருக்காக இதை வைத்திருக்கிறாள்?

ஐந்தரை மணிக்குக் கடைசி ஆள் போனதும் டாக்டரம்மா மருமகளைக் கூப்பிட்டார்.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"காலையில உனக்குத் தகவல் வந்திருக்கும்."

"என்ன தகவல், அத்தை?"

"தெரியாத மாதிரி கேக்காத. சம்பவம் நடந்துச்சே, அந்தத் தகவல்."

மருமகள் திருதிருவென்று விழித்தாள். டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்துப் போட்டார். அவள் அதைத் திருப்பிப் படித்தாள். உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

"சிரிக்கணும்னா சிரிச்சுடு. அடக்காத."

"இல்ல, அத்தை. அது அந்தக் காலத்துல, ஒரே மெஷின்ல ஐம்பது பேர் வேலை பார்த்தப்ப எழுதி வச்ச வாசகம். வீட்டுக் கணினியிலயும் அதையே சொல்லிட்டு இருக்கு. எனக்கு ஒண்ணும் வராது. உள்ள ஏதோ ஒரு கோப்புல ஒரு வரி எழுதி வச்சிருக்கும். நானா போய்த் தோண்டினாதான் தெரியும்."

"தோண்டினியா?"

"தோண்டவே இல்ல. நீங்க சொல்லித்தான் இப்ப தெரியுது."

போலீஸ் தேடாத குற்றத்துக்குத் தானே போய் ஸ்டேஷனில் நின்ற கதையாகிவிட்டது.

"அப்ப கேபிளும் நீங்கதானா?" என்று மெதுவாகக் கேட்டாள் மருமகள்.

"அதை விடு. இதுக்குப் பதில் சொல்லு." கணினியை அவள் பக்கம் திருப்பினார். எரிகிற அந்த ஒரு பொத்தான்.

மருமகளின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எப்ப போட்ட?"

"முதல் நாளே."

"என் அறிக்கையை எப்பப் பார்த்த?"

"என்ன அறிக்கை?" என்றாள். பிறகு அந்தக் கேள்வியின் அர்த்தம் அவளுக்கே புரிந்து, குரல் இறங்கியது. "டாக்டர்கிட்ட போனீங்களா? எனக்குத் தெரியாது, அத்தை. உங்க ஃபோல்டரை நான் திறக்கல. பழசுல இருந்து கடிதங்களை மாத்தினப்போ, நீங்க அடிச்சதுல மட்டும் எழுத்து ரெண்டு ரெண்டா இருந்துச்சு. நான் அடிச்சதுல இல்ல. அப்புறம் டீ கப்பை இடது கையில பிடிக்கிறதைப் பார்த்தேன்."

"அவன்கிட்ட சொல்லிட்ட."

"சொல்லல."

"காலையில வாசல்ல குசுகுசுன்னு என்ன பேசினீங்க?"

"மருந்துக்கடைக்காரர் இன்னிக்கு இடத்தை அளக்க வர்றேன்னாரு. இவர் சரின்னுட்டார். நான்தான் வேணாம்னு நிறுத்தினேன்."

"எனக்கு எதுக்கு இவ்வளவு உபகாரம்? எந்த இலவச முகாம் இது?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கடுமையாக விழுந்தது என்று தெரிந்தது. மருமகள் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து எதையோ எழுதி, மேசையில் அவர் பக்கம் தள்ளினாள்.

"அட்மின் பாஸ்வேர்டு. நீங்களே வச்சுக்குங்க. மாத்தணும்னாலும் மாத்திக்குங்க, எப்படின்னு சொல்லித் தர்றேன். அதுக்கப்புறம் என்னால உங்க வாசலுக்குள்ள வர முடியாது. ஆனா ஒண்ணு கேக்கணும், அத்தை."

"என்ன?"

"போன வெள்ளிக்கிழமை ஒரு டீச்சருக்குப் பல் அடைச்சீங்க. வெளிய வர்றப்போ அவங்க ஈறுல பஞ்சு வச்சிருந்தாங்க. ரத்தம் நிக்கவே இல்ல. லேசா பட்டிருச்சு, சாதாரணம்னு சொல்லி அனுப்பினீங்க." அவள் நேராகப் பார்த்தாள். "அது சாதாரணமா?"

சாதாரணம் இல்லை. டிரில் ஒரு மயிரிழை விலகியது. இன்னொரு மயிரிழை போயிருந்தால் நாக்கில் பட்டிருக்கும். அந்த நொடியை டாக்டரம்மா ஆறு நாளாக யாரிடமும், தன்னிடமும்கூட, பேசவில்லை.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மா!" மகன்தான். கூடவே ஒருவரைத் தோளில் கைபோட்டு அழைத்து வந்தான். அவனோடு வேலை செய்யும் லிஃப்ட் மெக்கானிக். நடுத்தர வயசு, ஆஜானுபாகுவான ஆள். இடது கன்னம் வீங்கிக் கண் சுருங்கியிருந்தது. "ரெண்டு நாளா மாத்திரையைப் போட்டுக்கிட்டு வேலைக்கு வர்றார்மா. எங்கம்மா கை பட்டா வலியே தெரியாது, ரெண்டு நிமிஷத்துல எடுத்துருவாங்கன்னு இழுத்துட்டு வந்தேன்."

மெக்கானிக் பேச முடியாமல் கும்பிட்டார்.

நாற்பது வருடப் பழக்கம். டாக்டரம்மா எழுந்து கையுறை மாட்டினார். ஆளை நாற்காலியில் சாய்த்து விளக்கைத் திருப்பினார். கீழ்த்தாடையின் கடைசிப் பல். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். வேர் வளைந்து, நரம்பின்மேல் படுத்துக் கிடந்தது. கை சொன்னபடி கேட்டால் இருபது நிமிட வேலை. கேட்காவிட்டால் இந்த மனுஷனுக்குக் கீழுதடு ஆயுளுக்கும் மரத்துப்போகும். தண்ணீர் குடித்தால் வழிவதுகூடத் தெரியாது.

மகன் வாசற்படியில் சாய்ந்து நின்றான். பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். போன வாரம் மூடச் சொன்னவன், இன்றைக்கு அம்மாவின் கையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறான். அவன் பின்னால் மருமகள். அவள் தலையை ஆட்டவும் இல்லை, கண்ணைக் காட்டவும் இல்லை. வெறுமனே நின்றாள்.

டாக்டரம்மா ஊசியை எடுத்தார். நுனி அசைந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரிந்தது. மெக்கானிக் கண்ணை மூடி வாயைத் திறந்து வைத்திருந்தார், முழு நம்பிக்கையோடு.

ஊசியைத் தட்டில் வைத்தார்.

"என்னால இந்தப் பல்லை எடுக்க முடியாது."

"ஏம்மா, கம்ப்ரஸரா?" என்றான் மகன்.

"கம்ப்ரஸர் நல்லா இருக்கு. என் வலது கை நடுங்குது. எட்டு மாசமா." கையுறையைக் கழற்றினார். அதைக் கழற்றவே சிறிது நேரமாயிற்று. "அவருக்கு வீக்கத்துக்கு மருந்து எழுதித் தர்றேன். நாளைக்குக் காலையில பெரிய ரோட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நான் போன் பண்ணிச் சொல்றேன்."

மெக்கானிக் கண்ணைத் திறந்தார். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்.

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு பயமாக இருக்கும் என்று டாக்டரம்மா நினைத்தது நடக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மகன் வாசற்படியை விட்டு நிமிர்ந்தான். "எட்டு மாசமா? என்கிட்ட ஏம்மா சொல்லல?"

அவர் பதில் சொல்வதற்குள் வரவேற்பு மேசையிலிருந்து மருமகளின் குரல் கேட்டது. பெரிய ரோட்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டு, நாளை காலை முதல் ஆளாக மெக்கானிக்குக்கு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நிதானமாக, என்ன பல், என்ன வீக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் அதிர்ச்சி இல்லை, தடுமாற்றம் இல்லை.

மகன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் போனை வைக்கும்வரை காத்திருந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மூணு வாரமா."

"தினமும் என் பக்கத்துலதானே இருந்த. தினமும் அம்மாவைப் பத்திப் பேசினோமே."

"அவங்க சொல்ல வேண்டியதை நான் எப்படிச் சொல்றது?"

"சரி" என்றான். குரலில் சூடே இல்லை. "வேற என்னவெல்லாம் என்கிட்ட சொல்லாம வச்சிருக்க?"

டாக்டரம்மா மகனின் கண்களைப் பார்த்தார். மூன்று வாரமாகத் தான் மருமகளைப் பார்த்த அதே பார்வை. விடுடா, அவ என்னைக் காப்பாத்தத்தான் பார்த்தா என்று சொல்லத்தான் எழுந்தார். எழுந்தவர் மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். மருமகள் சொல்லவில்லை. மேசையில் இருந்த தன் கைபேசியை எடுத்து, திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள்.